அம்மாவின் நிறத்துக்கு எந்த நூல்?

கல்யாண ரவிக்கையின் முதுகில் முகங்களைத் தைத்துக்கொள்வது சேலம், நாமக்கல் பக்கமும் வந்துவிட்டது. இறந்துபோன அம்மாவின் படத்தைக் கொடுக்கும் பெண்களும் உண்டு. கணினி எம்பிராய்டரியில் கூலி, ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்று. எந்திரத் தலையில் 12 அல்லது 15 ஊசி. ஊசிக்கு ஒரு நிறம். புகைப்படத்தின் அத்தனை சாயல்களும் அதற்குள் அடங்க வேண்டும். முகத்துக்கு மிஞ்சுவது நாலைந்துதான். அங்கேதான் ‘கொஞ்சம் கலராப் போடுங்க’ என்கிறோம். மரவள்ளிக் காட்டில் களையெடுத்தவளின் கரிய முகம் கோதுமை நிறமாகிவிடுகிறது. அடர்ந்த பழுப்பு நூலும் அதே விலைதான், தையலும் கூடாது. பிறகு எதற்கு? அன்பு என்பார்கள். உயிரோடிருந்தபோது அவளைக் ‘கறுப்பி’ என்றவர்களும் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அஞ்சி மகளே அம்மாவை மாற்றுகிறாள். என் கோபம் மகள்மேல் இல்லை.