ஒன்றரைக் கோல்

2016 பிப்ரவரி 16ஆம் தேதி, மலேசியாவின் பினாங்கிலுள்ள சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்குக்கு எதிராகப் பினாங்கு வீரர் முகமட் ஃபாயிஸ் சுப்ரி ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். ஒரு பக்கம் போவதாகப் போக்குக் காட்டிய பந்து, நடுவானில் திசை மாறி மறு பக்க மூலைக்குள் இறங்கியது. ஃபிஃபாவின் புஸ்காஸ் விருது அந்தக் கோலுக்குத்தான் கிடைத்தது. அதைப் பார்த்து வாய் பிளக்க வேண்டுமானால், கீப்பர் உண்மையாகவே தடுக்கப் பார்த்தார் என்று முதலில் நம்ப வேண்டும்.

அந்த நம்பிக்கை மலேசிய ரசிகர்களிடமிருந்து ஒருமுறை பறிபோயிருக்கிறது. 1994இல் வெடித்த லஞ்ச விவகாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள். பலருக்கு ஆடத் தடை விழுந்தது. அதற்குப் பிறகு கீப்பர் கையிலிருந்து பந்து வழுக்கினாலே திடலில் ‘கேலோங்’, அதாவது ஆட்டத்தை விற்றுவிட்டார்கள், என்ற கூச்சல்தான். யோக்கியமான கீப்பருக்கும் பந்து வழுக்கும் என்பதை யார் எடுத்துச் சொல்வது? இந்தத் தொழிலில் உலகப் பெயர் வாங்கியவர்களில் ஒருவர் தமிழர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை: ஆட்டங்களை விலைபேசிய சிங்கப்பூரின் வில்சன் ராஜ் பெருமாளுக்கு 2011இல் பின்லாந்து நீதிமன்றம் இரண்டாண்டுச் சிறை விதித்தது.

“என் காசு, என் ஆசை. உனக்கு ஏன் வலிக்கிறது?” என்று பந்தயம் கட்டுபவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நள்ளிரவு மாமாக் கடைப் பெரிய திரையில் இங்கிலாந்து லீக் ஆட்டம் ஓடும்போது அதற்குப் பாதிப் பதில் கிடைக்கும். பலமான அணி ஒன்றரைக் கோல் விட்டுக்கொடுக்க வேண்டும், அதாவது இரண்டு கோல் வித்தியாசத்திலாவது வெல்ல வேண்டும் என்பது பந்தயக் கணக்கு. அணி 1–0 என்று வென்றுவிடுகிறது. அதே அணியின் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு அதன்மேல் பணம் கட்டியவர் தே தாரிக்கைத் தொடாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். அவர் அணி ஜெயித்துவிட்டது, அவர் தோற்றுவிட்டார். அந்த ஜெர்சியின் நெஞ்சிலேயே பந்தய நிறுவனத்தின் பெயர் இருந்தாலும் ஆச்சரியமில்லை. நெஞ்சிலிருந்து அந்தப் பெயர்களை 2025–26 பருவத்தின் முடிவோடு எடுத்துவிட இங்கிலாந்துக் கிளப்புகள் ஒப்புக்கொண்டது 2023இல்தான்.

மீதிப் பதில், இழப்பு அவரோடு நிற்பதில்லை என்பது. பந்தயத்துக்குக் கடன் கொடுத்த வட்டி முதலையின் ஆட்கள் சிவப்புச் சாயம் ஊற்றுவது வீட்டுக் கதவில். அந்தக் கதவைத் திறந்து பள்ளிக்குப் போகிறவர்கள் பந்தயம் கட்டியவர்கள் அல்லர்.

இதற்குச் சட்டப்பூர்வ உரிமம்தான் மருந்து என்ற வாதத்தை 2010 உலகக் கிண்ணத்தின்போதே மலேசியா கேட்டது. எப்படியும் கட்டத்தான் போகிறார்கள், வரியாவது வரட்டும் என்றார்கள். அஸ்கோட் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கு உரிமம் என்று பேச்சு எழுந்தது, எதிர்ப்பும் கிளம்பியது. பினாங்கு மாநில அரசும் எதிர்த்தது. ஜூன் மாதத்தில் அப்போதைய பிரதமர் நஜிப் பின்வாங்கினார்.

அந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. கள்ளப் பந்தயத்தில் கணக்கும் இல்லை, முறையிட இடமும் இல்லை. போதாததற்கு, தெருவுக்குத் தெரு நம்பர் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு பந்தை மட்டும் புனிதம் என்பது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனாலும் வித்தியாசம் உண்டு. குலுக்கலில் வரும் நாலு நம்பருக்கு ரசிகர் மன்றம் கிடையாது. அதற்காக யாரும் வெயிலில் பயிற்சி எடுப்பதுமில்லை. ஆட்டக்காரரின் தவறுக்குச் சந்தையில் விலை வைத்துவிட்டால், பணம் கட்டாதவரும் அந்தத் தவறைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். உரிமம் கொடுத்தாலும் அந்தச் சந்தேகம் தானாகப் போய்விடாது. பந்தயம் சட்டப்படி நடக்கும் வட அமெரிக்காவில், 2023இல் ஐஸ் ஹாக்கி லீக் தன் வீரர் ஷேன் பின்டோவைப் பந்தயம் தொடர்பான விதிமீறலுக்காக 41 ஆட்டங்களுக்கு விலக்கியது. கண்காணிப்பு வேலை செய்கிறது என்று அதைச் சொல்லலாம். கண்காணிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்றும் சொல்லலாம். இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது.