உயிர் போன சீட்டு

குற்றாலத்தில் சீசனுக்கு வண்டி ஓட்டினால் முதலில் கெடுவது இன்ஜின் இல்லை, சீட்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல். எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெயினருவியில் நின்றவர்கள் துவட்டியும் துவட்டாமலும் ஏறுவார்கள். ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று சுற்றிவிட்டு அதே ஈரத்தோடு தென்காசியில் இறங்குவார்கள். ரெக்சின் தையல் வழியே இறங்கிய தண்ணீரை உள்ளேயிருக்கும் ஸ்பாஞ்சு லேசில் விடாது. முதலில் நாற்றம் வரும், அப்புறம் அடிச்சட்டம் துருப்பிடிக்கும்.

என்னுடையது ஆம்னி வேன். 2019-இல் கம்பெனி அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. முன்சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் இருப்பதால், சீட்டைத் தூக்கினால்தான் அதில் கைவைக்க முடியும். வேறு காரின் சீட்டு எவ்வளவு சொகுசாக இருந்தாலும் போல்ட் துளை சேராது, தூக்கவும் வராது. ஆகவே இன்னொரு ஆம்னியில் இருந்து கழற்றிய சீட்டைத் தேடித் திருநெல்வேலிக்குப் போனேன்.

கடையில் இரண்டு ஜோடி இருந்தது. ஒன்று, ஒரே வீட்டில் வெகுகாலம் ஓடிய ‘ராசியான’ வண்டியுடையது. புது உறை பளபளத்தது. உறையை விலக்கினால் முதுகுச் சட்டத்தின் வெல்டிங்கில் விரிசல். மற்றது உறை வெளுத்தது, ஆனால் சட்டம் கல் மாதிரி. “அண்ணாச்சி, மறைக்காம சொல்லுதேன். ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே ஓனருக்கு நெஞ்சுவலி. ஓரமா நிப்பாட்டிட்டாரு, அதோட சரி. வண்டியில ஒரு கீறல் கிடையாது” என்றார் கடைக்காரர். இரண்டாவதை எடுத்தேன்.

வீட்டில் கேள்வி வந்தது: “உசுரு போன சீட்டுல நாலு பேரு சவாரிக்கு ஏறணுமா?”

சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வி இல்லை இது. சீசன் இல்லாத மாதங்களில் நான் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவன். 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் கட்டிய அமைப்பின்படி, உலகப் பொருளெல்லாம் மாயையிலிருந்து வந்த சடம். வினை உயிரைத்தான் பற்றும். ரெக்சினையும் இரும்பையும் பற்றாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கும்போது இதற்கு முன் யார் படுத்தார், என்ன ஆனார் என்று நாம் கேட்பதில்லை. கேட்டால் படுக்க முடியாது.

ஆனால் இதற்கு ஒரு மறுப்பு உண்டு. கெட்டது பொருளில் ஒட்டாதென்றால் நல்லது மட்டும் எப்படி ஒட்டும்? பாவம் தொலைய அருவியில் நிற்கிறோம், கோயில் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோமே? இதற்கான பதில் கோயில் திருப்பணியிலேயே இருக்கிறது. வேலை தொடங்குமுன் பாலாலயம் செய்வார்கள். சாந்நித்தியத்தைக் கலசத்துக்கு மாற்றிவிட்டுத்தான் கொத்தனார் உளியை எடுப்பார். வேலை முடிந்ததும் கும்பாபிஷேகம். அழைத்தால் வருகிறது, மாற்றினால் போகிறது. புனிதம்கூடக் கல்லின் சொந்தச் சொத்து இல்லையென்றால், துக்கம் மட்டும் சீட்டின் சொத்தாக எப்படி ஆகும்?

அந்த மனிதர் கடைசி மூச்சிலும் வண்டியை ஓரம் கட்டினாரே, அந்தப் புண்ணியம் சீட்டில் இருக்கும் என்று ஒரு நண்பர் எனக்குச் சாதகமாகப் பேசினார். அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அது அவருடைய புண்ணியம். பழைய சீட்டோடு சேர்த்து நான் விலைக்கு வாங்கிவிட முடியாது.

அப்படியானால் தோஷம் என்று ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அந்த ராசியான சீட்டில் பார்த்தேன். வெல்டிங் விட்ட சட்டம், பின்னாலிருந்து ஒரு லாரி மோதினால் உட்கார்ந்திருப்பவரின் முதுகைத் தாங்காது. புது உறை போட்டு அதை மூடியிருந்தார்கள்.

குறையை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு எங்கள் பக்கத்துக் கோயிலே சாட்சி. தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை 1446-இல் கட்டத் தொடங்கினான் பராக்கிரம பாண்டியன். கோபுரத்தை அவன் முடிக்கவில்லை. தம்பி குலசேகர பாண்டியன் முடித்தான். அந்தக் கோபுரமும் 19-ஆம் நூற்றாண்டில் சிதைந்தது. சின்ன வயதில் நான் பார்த்தது பிளந்து நின்ற கோபுரத்தைத்தான். ஒன்பது நிலைகளோடு இன்று நிற்பது 1990-இல் எழுந்தது. இடையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அபசகுனம் என்று யாரும் ஊரைக் காலி செய்யவில்லை. உள்ளே பூசையும் நிற்கவில்லை. இப்படி நடக்கலாம் என்று அரசனே எதிர்பார்த்திருக்கிறான். இந்தக் கோயிலுக்குக் குறை வரும்போது அதைச் சரிசெய்து காப்பவர் யாராயினும் அவரைப் பணிகிறேன் என்று கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். குறை வந்தால் சாபம் என்று அவன் மிரட்டவில்லை. செய்ய ஆள் வேண்டிய வேலையாக அதைப் பார்த்தான்.

எனக்கும் அவ்வளவே. சீட்டைக் கழற்றி, சட்டத்தைச் சுரண்டிப் பெயின்ட் அடித்து, ஸ்பாஞ்சு மாற்றி, ஸ்லைடுக்குக் கிரீஸ் வைத்து மாட்டினேன். சவாரிக்காரர் கேட்டால் சீட்டு வந்த கதையை மறைக்கப்போவதில்லை. எலுமிச்சம்பழம் சுற்றிச் சக்கரத்தடியில் வைக்க வேண்டும் என்றாள் மனைவி. வைக்கட்டும், அவள் மனசுக்கு அது வேண்டியிருக்கிறது. நாலு போல்ட்டையும் இன்னொரு தரம் முறுக்கிப் பார்த்துவிட்டு, வைத்துக்கொள் என்றேன்.