படிக்காமல் எழுதிய பத்துப் பக்கம்

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். நாவலை நான் படித்திருக்கவில்லை. பின்னட்டை, முதல் அத்தியாயம், யாரோ எழுதிய இரண்டு கட்டுரைகள். அவ்வளவுதான். ஏ மைனஸ் கிடைத்தது.

மலேசியாவில் ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, எழுத்து, தேர்வு எல்லாம் அதற்குள் அடக்கம். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. ஐந்து பாடம் எடுத்தால் 600 மணி. காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து அசைன்மெண்ட்டும் ஒரே வாரத்தில் வந்து விழுவது அந்தக் கணக்கில் இல்லை. மாலையில் டியூஷன் சொல்லிக்கொடுத்து அறை வாடகை கட்டுவதும் இல்லை. "யாருடி முழுசா படிக்கிறா?" என்று தோழி கேட்டபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்துப் பாட்டி கேட்டார்: "இது சயாமுக்குப் போனவங்க கதையாம்மா? எங்க அண்ணன் மாதிரி ஆளுங்க இதுல இருக்காங்களா?"

பாட்டியின் அண்ணனைத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் கூட்டிக்கொண்டு போனான். திரும்பவில்லை. 1942இலும் 1943இலும் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் பலருக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. அவர்களை நினைவூட்ட இப்படிச் சில புத்தகங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதிய நான், பாட்டியிடம் சொல்ல ஒரு வரிகூட இல்லாமல் நின்றேன்.

எல்லாவற்றையும் முழுதாகப் படிக்க யாராலும் முடியாது. மேலோட்டமாகப் புரட்டி வாதத்தைப் பிடிப்பதும் ஒரு திறமைதான். ஒரு வரலாற்றுக் கட்டுரையை அப்படிப் படிக்கலாம். நாவலை முடியாது. படிக்காமல் விட்டதையும் நான் குற்றம் என்று நினைக்கவில்லை. நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் என் கட்டுரையில் ஒரு வரி இருந்தது: 'இந்நாவல் வாசகர் மனத்தை உலுக்குகிறது.' யார் மனத்தை? அந்த வரிதான் பொய். நேரமின்மை என்னைப் படிக்கவிடாமல் செய்தது. உலுங்கியதாக நடிக்கச் சொன்னது நேரமின்மை இல்லை, மதிப்பெண்.

'இவ்வளவுதான் படித்தேன், இதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்' என்று முதல் பத்தியிலேயே சொல்லியிருக்கலாம். மதிப்பெண் குறைந்திருக்கும். பாடத்திட்டம் போடுகிறவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. ஐந்து நாவலைப் படித்த மாதிரி எழுதப் பழகிய மாணவரா, இரண்டை உண்மையாகவே படித்தவரா, யார் வேண்டும்? பலர் இதைத் தரத்தைக் குறைப்பது என்பார்கள். நடிப்புக்கு ஏ மைனஸ் கொடுப்பதுதான் எனக்குத் தரக்குறைவாகப் படுகிறது.

அந்த விடுமுறையில் நாவலைப் படித்து முடித்தேன். இரண்டு வாரம் ஆனது. சில பக்கங்களில் மேலே போக முடியாமல் மூடி வைத்தேன். யாரும் கட்டுரை கேட்கவில்லை. பாட்டி மட்டும் தினமும் கேட்டார்: "எது வரைக்கும் வந்திருக்க?"