உழைப்பும் உரிமையும்

உழைப்பே மனிதனை மனிதனாக்கிற்று என்பது நமக்கெல்லாம் உடன்பாடான கருத்து. அதனையே அளவுகோலாக ஏந்தி ஒரு குழந்தையின் முன் நின்றால் என்ன நேரும்? யப்பானியச் சித்திரக்கதைத் தொடரொன்று இவ்வினாவை எழுப்புகிறது.

கெய்கோ தொபே என்ற பெண் ஓவியர் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய ‘ஒளியுடன்’ என்னும் அத்தொடர் 15 தொகுதிகளாக விரிந்தது. 2004இல் தொலைக்காட்சி நாடகமாகவும் வந்தது. ‘மங்கா’ எனப்படும் சித்திரக்கதை யப்பானிலே சிறுவர்க்கு மாத்திரம் உரியதன்று. இத்தொடர் வெளிவந்ததும் மணமான பெண்கள் படிக்கும் சஞ்சிகையொன்றிலேயே.

சச்சிகோ என்னும் இளந்தாயின் மகன் ஹிகாரு. அழைத்தால் திரும்பான், அணைத்தால் திமிறுவான், அன்றாட ஒழுங்கு சற்றே மாறினும் அலறுவான். அது ஓட்டிசம் எனப் பின்னரே தெரியவருகிறது. ஆனால் மாமியாரோ தாயின் வளர்ப்பிலேயே குற்றம் காண்கிறாள். இதனைப் பாமர அறியாமை என ஒதுக்கிவிட முடியாது. 1967இல் சிக்காகோவின் பேரறிஞர் புரூனோ பெத்தல்ஹைம் எழுதிய நூலும் பெற்றோரின் அன்பின்மையையே காரணமாகக் காட்டிற்று. இது உடல் சார்ந்த நிலை என்று பேர்னாட் றிம்லன்ட் 1964இலேயே வாதிட்டிருந்தும், பழி நெடுங்காலம் தாயின் தலையிலேயே கிடந்தது. மாமியார் கலாநிதிப் பட்டம் பெற்றால் அப்படித்தான் எழுதுவாள் போலும்!

ஆசிரியர்களாகிய நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய பகுதி பாடசாலை பற்றியது. அடுத்து நிகழப்போவதைப் படம் வரைந்த அட்டைகளால் முன்கூட்டி உணர்த்தினால் ஹிகாருவின் அச்சம் தணிகிறது. இதனை அறிந்து அவனை அரவணைக்கும் நல்லாசிரியர் ஒருவர் வாய்க்கிறார். பின்னர் அவருக்கு இடமாற்றம் வருகிறது. தாய் மீண்டும் புதியவர்களிடம் முதலிலிருந்து விளக்கத் தொடங்குகிறாள். ஒரு குழந்தையின் கல்வி தனியொருவரின் கருணையில் தொங்குமாயின், அதனை உரிமை என்று எவ்வாறு கூறுவது?

மகன் மலர்ந்த முகத்துடன் உழைக்கும் மனிதனாக வளரவேண்டும் என்பதே சச்சிகோவின் கனவு. இரக்கத்தை யாசிக்க மறுக்கும் மானம் அதிலே உண்டு. அதனைக் குறைகூற எனக்கு மனமில்லை. எனினும், உழைக்க இயலாமலே போகும் பிள்ளைக்கு இக்கனவிலே இடம் எங்கே? உழைப்பை விலைபேசி வாங்கும் சமுதாயம், விலைபோகாதவனைச் சுமை என்றே கணக்கெழுதும். அக்கணக்கைத் தாயும் தன்னையறியாமல் ஏற்றுக்கொள்கிறாளோ என்ற ஐயம் எழுகிறது. நம்மவரிலும் சிலர் உழைப்பின் பெருமையைப் பேசும்போது இதே கணக்கையே சிவப்பு மையில் எழுதுகின்றனர். மார்க்சோ 1875இலே கோத்தா வேலைத்திட்டத்தை விமரிசிக்கையில், ஆற்றலில் வேறுபட்ட மனிதரை உழைப்பு என்ற ஒரே கோலால் அளப்பது சமத்துவத்தின் பெயரால் நிகழும் ஏற்றத்தாழ்வே எனக் காட்டினார். தேவைக்கேற்பப் பெறும் உரிமையை அவர் அதற்கு அப்பால் வைத்தார்.

2010 சனவரியில் தொபே காலமானார். தொடர் முற்றுப்பெறவில்லை. ஹிகாரு அப்போதும் பாடசாலை மாணவனே. அவன் வேலைக்குச் சென்றானா என்பதைத் தொபே வரையவேயில்லை.