உணவை மறுக்கும் உள்ளம்

2022 இல், விலைவாசி தாங்காது மன்னார்க் கரையிலிருந்து குழந்தை குட்டிகளோடு படகேறியோர் தனுஷ்கோடி மணலில் போய் இறங்கினர். பசிக்கு அஞ்சி மக்கள் கடல் கடந்த இம்மண்ணில், தட்டிலிட்ட சோற்றை ஒதுக்கி மெலியும் ஒரு பெண்ணை நாம் எவ்வாறு நோக்குவது? ‘கொழுப்பு’ என்று ஊர் சொல்லும். அது நீதியா என்பதே எமது வினா.

1944-45 இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர், நலமுள்ள 36 இளைஞர்களை அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்கள் இரவும் பகலும் உணவையே எண்ணினர், சினந்தனர், தனிமையை நாடினர். பட்டினியே மனத்தைத் திரிக்கும் என்பது அதனாற் புலனாயிற்று. ஆகவே நோயைப் பிடிவாதமெனக் கொள்ளாதிருத்தலே உளவளத்துணையாளருக்கு வேண்டிய முதல் தகைமை.

பேசாலையில் தவக்காலம், எருக்கலம்பிட்டியில் ரமழான், திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரி என நோன்பைப் போற்றும் மாவட்டம் இது. இங்கே நோயும் பக்தியின் போர்வைக்குள் ஒளிந்துகொள்ளலாம். நோன்புக்கு முடிவு நாள் உண்டு, நோய்க்கு இல்லை. நம்பிக்கையைப் புண்படுத்தாது இவ்வேறுபாட்டை உணர்த்தத் தெரிதல் வேண்டும்.

நோயாளியின் சொல்லும் எங்கும் ஒன்றன்று. உடல் பருத்துவிடுமென்ற அச்சமே இந்நோயின் அடையாளம் என்று மேனாட்டு நூல்கள் வகுத்திருந்தன. ஆனால், ஹொங்கொங்கின் உளமருத்துவர் சிங் லீ, அவ்வச்சமே இல்லாத நோயாளர் பலரைக் கண்டு 1990களில் எழுதினார். ‘வயிறு பொருமுகிறது’, ‘பசியில்லை’ என்பனவே அவர்கள் கூறிய காரணங்கள். நூலின் சொல்லை நோயாளியின் வாயில் திணிப்பவர் செவியிருந்தும் கேளாதவரே.

இன்னொன்று: நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய ஊட்டினால், இரத்தத்தில் பொசுபேற்று குறைந்து இதயமே நின்றுவிடக்கூடும். தாயின் அன்புகூட அங்கே ஆபத்தாகலாம். எனவே மருத்துவரோடு இணைந்து உழைக்கவும், தம் எல்லையை அறியவும் துணையாளர் கற்றல் வேண்டும். உயிர் ஊசலாடும் வேளையில் மருத்துவர் தலையிடுவது கடமை. ஆனால் அதட்டியும் அவமானப்படுத்தியும் ஊட்டுவது மருத்துவமாகாது.

எல்லார்க்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணப் பெண்ணைப் பழக்கிய சமுதாயம், அவள் உண்ணாமையை நெடுநாள் கவனிப்பதில்லை. ஆண்களும் இந்நோய்க்கு விலக்கல்லர். அவர்களையோ நாம் ஐயுறுவதே இல்லை.

பசித்தவருக்குச் சோறிடுவது அறம் என்று நாம் அறிவோம். உண்ண இயலாதவரின் அருகே பொறுமையோடு அமர்ந்து, அவர் சொல்வதைக் கேட்பதும் அந்த அறமே.