அளவெடுக்காத செருப்பு

என் அப்பா தைத்த செருப்புகளில் ஒரு ஜோடிக்கு மட்டும் அவர் அளவெடுத்ததே இல்லை. ஆடி பிறக்கச் சில நாள் இருக்கும்போது, பட்டறை வேலை முடிந்ததும் குண்டு பல்பின் அடியில் உட்காருவார். மிச்சத் தோலில் நல்லதாகப் பொறுக்கி, எந்த மனிதக் காலுக்கும் பொருந்தாத பெரிய செருப்பாகத் தைப்பார். தாராவியிலிருந்து அந்த வருடம் யார் ஊருக்குப் போகிறார்களோ, அவர்கள் பையில் அது நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு. அங்கே சொரிமுத்து அய்யனார் கோயிலில், ஆடி அமாவாசையன்று பட்டவராயன் சந்நிதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவார்கள். ராத்திரி சாமி அதைப் போட்டுக்கொண்டு காவல் சுற்றும், அடுத்த வருடம் பார்த்தால் அடி தேய்ந்திருக்கும் என்பாள் ஆச்சி.

பட்டவராயன் என்றால் முத்துப்பட்டன். வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த நெல்லைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிராமணப் பிள்ளை, அண்ணன்மாரோடு மனம் கோணி வீட்டை விட்டவன். காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் வீட்டு அக்காள் தங்கையைக் கண்டு மயங்கிப் பெண் கேட்டுப் போகிறான். தகப்பன் வாலப்பகடை உடனே தலையாட்டிவிடவில்லை. பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்து விற்றுவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்கிறான். பட்டன் அப்படியே செய்கிறான். கல்யாண ராத்திரியே மாடுகளைக் கள்ளர் ஓட்டிப் போவதாகச் சேதி வர, எழுந்து ஓடிச் சண்டையில் சாகிறான். பெண்கள் இருவரும் அவன் சிதையில் ஏறுகிறார்கள். பெண்ணுக்காக வில்லை ஒடித்தவன் உண்டு, காளையை அடக்கியவன் உண்டு. செருப்புத் தைத்துக் காட்டியவன் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான்.

தாராவிக்கு இந்தக் கதை பொருந்திப்போனதில் ஆச்சரியமில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே திருநெல்வேலிக்காரர்கள் இங்கே தோல் பதனிட வந்துவிட்டார்கள். 1887இல் பெரிய பள்ளிவாசலைக் கட்டியவர்கள் தமிழ் முஸ்லிம்கள். ஆதி திராவிட மகாஜன சங்கத்தாரின் பிள்ளையார் கோயில் 1913இல் வந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்காவில் சபா மேடையில் ராமாயண உபன்யாசம் நடக்கும். எங்கள் சந்தில் நாடா தேய்ந்த கேசட்டில் பட்டன் கதை ஓடும். இரண்டும் தமிழ்தான். இடையில் நடந்து போகிற தூரம்தான்.

ஆச்சி சொன்ன கதையில் இன்னொரு துண்டும் இருந்தது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்களாம். காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தானாம். சிறுவனாக இருந்தபோது இந்த இடம் வந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி பரவும். தோல் நாற்றம் சட்டையில் ஏறியிருக்கிறதா என்று பள்ளிக்கூட வாசலில் முகர்ந்து பார்த்துக்கொள்கிற பையனுக்கு வேறு என்ன தோன்றும்?

கல்லூரி நாட்களில் மாட்டுங்காவில் ஒரு பழைய புத்தகக் கடையில், நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்ட ‘முத்துப்பட்டன் கதை’ கிடைத்தது. அந்தப் பிராமணப் பிறப்பு பிற்காலத்து ஒட்டு என்பது அவர் முடிவு. கதையின் உயிர் முழுவதும் அந்தப் பெண்கள் சக்கிலியப் பெண்களாக இருப்பதில்தான் இருக்கிறது. இல்லையென்றால் பட்டன் எதை விட்டுவிட்டு வந்தான்? நின்ற இடத்திலேயே படித்தேன். முதலில் கோபம் வந்தது, அப்புறம் என்னுடைய அந்தப் பழைய நிம்மதியை நினைத்துக் கூச்சம்.

ஆச்சியிடம் போய்ச் சண்டை பிடித்தேன். அவள் வெற்றிலையை மென்றபடி, “அது எங்களுக்குத் தெரியாதாலே? அப்படிச் சொன்னாத்தான அன்னைக்கு ஊருக்குள்ள பாட விட்டாக” என்றாள். ஒட்டு என்று தெரிந்தே அதைச் சுமந்திருக்கிறாள். அந்த ஒரு பொய்யைக் கப்பமாகக் கட்டி மீதிக் கதையை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இப்போது செம்பூரில் என் மகள் அந்தக் கதையைச் சித்திரக்கதையாக வரைகிறாள். அவளுக்கு வழிகாட்டி லிண்டா பாரி. அமெரிக்காவில் வளர்ந்தவர், தாய் வழியில் பிலிப்பைன்ஸ். பகலில் மனுஷியாகவும் இரவில் பேயாகவும் திரியும் அஸ்வாங்கைப் பற்றிப் பாட்டி சொன்ன கதையை 2002இல் வந்த தன் சித்திரநூலில் வைத்திருக்கிறார். அதை வாங்கிப் பார்த்தேன். பேயை அவர் சுத்தம் செய்யவில்லை, பாட்டியையும் செய்யவில்லை. அந்தக் குடும்பத்தின் கசப்போடு சேர்த்தே அஸ்வாங் வருகிறது.

நம்மவர்களும் சும்மா இல்லை. மும்பையில் வாழும் அம்பை, ‘அடவி’ கதையில் சீதையைத் தன் கதையைத் தானே எழுத வைத்தார். 2018இல் ‘காலா’ படம் வந்தபோது தாராவிக்காரன் ராவணனானான். அவன் மேசையில் புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ கிடந்தது. படத்தில் பாடிய எங்கள் தாராவி ராப் குழு டோப்அடெலிக்ஸ் பையன்களின் குரலைத் திரையரங்கில் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ராவணன் எங்களிடம் மேடைப்பேச்சிலும் புத்தகத்திலும் வந்தவன். பட்டன் ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் வந்தவன். ராமாயணத்தைத் தலைகீழாக்கினாலும் பேச்சு ராமனைப் பற்றித்தானே! வாலப்பகடை யாருக்கும் பதில் சொல்லவில்லை. அவன்தான் நிபந்தனை போடுகிறான்.

மகள் கேட்டாள்: “ஒட்டை எடுத்துரவாப்பா?” எடுத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்தால் கதை பழைய நிமிர்வோடு நிற்கும். ஆனால் ஆச்சி அதிலிருந்து போய்விடுவாள். ஊரார் முன்னால் அந்த வரியைப் பாட வேண்டியிருந்தவர்களும் போய்விடுவார்கள். வைத்தால், என்னைப் போல இன்னொரு பையன் அந்த இடத்தில் நிம்மதி அடைவான். இரண்டு வாரம் யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கதைக்குள் ஆச்சியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டாள். ஆச்சி பிராமணப் பிறப்பைச் சொல்கிறாள். பின்னால் வாலப்பகடை நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் வாயருகே பேச்சுக் குமிழ் காலியாக இருக்கிறது. எனக்கு அது சரியாகத்தான் படுகிறது, முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பட்டன் செருப்புத் தைக்கும் பக்கத்தை அப்பாவிடம் காட்டினாள். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, குத்தூசி பிடித்தால் கை நடுங்குகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பட்டன் முகத்தைப் பார்க்கவே இல்லை, செருப்பையே பார்த்தார்.

“ஏட்டி, பூணூலை அறுத்துட்டு வந்தவன் மொதமொதலா தைச்ச செருப்புல்லா இது? தையல் கோணலாத்தான் ஓடியிருக்கும். நீ இம்புட்டு நேரா வரைஞ்சு வச்சிருக்க” என்றார்.

மகள் அழிப்பானைத் தேடினாள்.