கோயிலுக்கும் போகலாம், கவுன்சலிங்கும் போகலாம்

கேள்வி: எனக்கும் கணவருக்கும் எதைப் பேசினாலும் சண்டையில்தான் முடிகிறது. பரிகாரம் செய்தாயிற்று, பெரியவர்களை வைத்துப் பேசியும் பார்த்தாயிற்று. கவுன்சலிங் போகலாமா என்றால், ‘சாமி மேல நம்பிக்கை இல்லையா?’ என்கிறார் அத்தை. இந்தச் சின்ன ஊரில் யாரைத் தேடுவது?
– ஒரு வாசகி, பத்தமடை

பதில்: சுவாமி சிவானந்தர் 1887-ல் பிறந்த ஊர் பத்தமடை. துறவு பூணும் முன் அவர் மலாயாவில் டாக்டர். காவி உடுத்திய பிறகும் வைத்தியத்தை விடவில்லை. 1927-ல் ரிஷிகேஷ் பக்கத்தில் லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தினார். நோயாளிக்கு ஜபமும் வேண்டும், மருந்தும் வேண்டும் என்று வாழ்ந்துகாட்டியவர் அவர். அத்தையிடம் இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஐப்பசியில் நெல்லையப்பர் – காந்திமதி திருக்கல்யாணத்தைத் தரிசித்தால் மனசுக்குத் தெம்பு வரும். அந்தத் தெம்போடு உட்கார்ந்து பேச வேண்டியது கணவனும் மனைவியும்தான்.

பெரியவர்கள் பேசிவைக்கும் விதம் எல்லோருக்கும் தெரியும். பட்டாசலில் ஆண்கள் நாற்காலியில் இருப்பார்கள். மருமகள் அடுக்களை வாசலில் நிற்பாள். காபி குடித்து முடித்ததும் பெரியப்பா, “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா” என்பார். மறுநாள் விடிவதற்குள் விஷயம் தெருவுக்கே தெரிந்துவிடும். நல்ல ஆலோசகர் இருவரையும் தனித்தனியாகவும் சேர்த்தும் பேசவிடுவார். தீர்ப்புச் சொல்லமாட்டார், கேட்டதை வெளியே விடவும் மாட்டார். சொந்தபந்தம் எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் இதைச் செய்வது அதற்குச் சிரமம்.

ஊரிலேயே ஆள் கிடைக்காவிட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு, அதாவது திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, பஸ் ஏறலாம். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமையில் பக்கத்து ஊருக்கு வருகிறார் என்று அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம். வெளியே போனால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற தயக்கம் சின்ன ஊரில் நியாயமானதே. அப்படித் தயங்குகிறவர்களுக்கு 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது: 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

தனியாரிடம் போவதானால் படிப்பை விசாரிக்க வேண்டும். ‘கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்’ என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பதிவெண் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்டதும் கோபப்படுகிறவரை விட்டுவிடுவது நல்லது.

வழக்கு என்று வந்த பிறகுதான் கவுன்சலிங் என்று பலர் நினைக்கிறார்கள். 1984-ம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் முதலில் சமரசத்துக்கு முயலச் சொல்வது உண்மை. ஆனால் வக்கீல் நோட்டீஸ் வந்த பின் மனம் இறங்கிவருவது கடினம். முன்பே போவதுதான் பலன் தரும்.

அடி, உதை, மிரட்டல் இருந்தால் மட்டும் கதை வேறு. பொறுத்துப்போவது தர்மம் என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை. அப்போது தம்பதியாகச் சேர்ந்து உட்கார்வதைவிடப் பெண்ணின் பாதுகாப்பே முதல் வேலை. பெண்கள் உதவி எண் 181. குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-ல் வந்த சட்டமும் துணை நிற்கும்.

கணவர் வர மறுத்தால் வாசகி முதலில் தனியாகவே போய்வரலாம். அவரைக் குற்றம் சொல்லப் போகவில்லை என்பது புரிந்தபின், அடுத்த முறை கூடவே கிளம்பிய கணவர்களும் உண்டு.